மீனு இடுப்பில் ஏழு பூ

ஆக்லாந்து விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அம்மாள் முதலில் தேடியது விதையை. இந்த நாட்டில் துப்பாக்கியைவிட விதைக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். அம்மா கட்டிக் கொடுத்த சுண்டைக்காய் வற்றல் தொட்டிக்குள் போனது. பின்னாலேயே மோர்மிளகாயும் போனது. "திங்கிற சாமான்தான்" என்று காட்ட நான் ஒரு மிளகாயைக் கடிக்கப் போக, அவர் பதறிப்போய் தடுத்தார்.

அடுத்து துணிப்பையைப் பிரித்து டிரஸ்ஸை எடுத்தார். கருநீலம், முழங்காலுக்கு ரொம்ப மேலே நிற்கிற பாவாடை, இடுப்பைச் சுற்றி ஏழு பூ, பூ முழுக்கக் கல். பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு கல்லாகப் பார்த்தார். இது விதையா என்றார். நோ மேடம், கிளாஸ் என்றேன். யாருக்கு என்றார். மை சிஸ்டர், ஐஸ், டான்ஸ் என்று என்னிடம் இருந்த மொத்த இங்கிலீஷையும் இறக்கினேன். நீயா தைத்தாய் என்று கேட்டு, அழகாக இருக்கிறது என்று சொல்லி, மடிப்புக் கலையாமல் உள்ளே வைத்தார். அந்த டிரஸ்ஸைக் குறை சொல்லாமல் பாராட்டிய முதல் ஆள் அவர்தான். கடைசி ஆளும் அவர்தான் என்பது மறுநாள் காலைதான் தெரிந்தது.

நான் மதுரையில் பரதநாட்டிய டிரஸ் தைக்கிறவன். பத்தாம் வகுப்பில் இங்கிலீஷ் என்னை மூன்று முறை பெயிலாக்கியது. நாலாவது முறை நான் இங்கிலீஷைப் பெயிலாக்கிவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டேன். சித்தி மகள் மீனா, வீட்டில் மீனு, ஆக்லாந்திலேயே பிறந்தவள். ஐஸ் மேல் சறுக்கி ஆடுகிறாள் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அவளுடைய பழைய டிரஸ் கிழிந்துவிட்டது, சனிக்கிழமை போட்டி என்று சித்தி வாட்ஸப்பில் அளவும் பழைய டிரஸ்ஸின் போட்டோவும் அனுப்பி, அப்படியே நகல் எடுக்கச் சொல்லியிருந்தார். உடம்பில் போட்டுப் பார்த்துத்தான் கடைசிப் பிடி பிடிக்க முடியும் என்று நான் இழுக்க, நீயே கொண்டு வா, ஊரையும் பார்த்த மாதிரி இருக்கும் என்றார். இப்படித்தான் வந்து சேர்ந்தேன்.

சித்தப்பா காரோடு காத்திருந்தார். கம்ப்யூட்டர் வேலை. பேச்சு ரொம்பக் கம்மி. எப்படி இருக்கீங்க என்றேன். ம் என்றார். குளிருதே என்றேன். ம். வழியெல்லாம் வீடு இருந்தது, வீட்டுக்கு முன்னால் புல் இருந்தது, மனுஷன்தான் இல்லை. ஊரையே காலி செய்துவிட்டு எல்லோரும் கல்யாணத்துக்குப் போனது மாதிரி இருந்தது. அவர்கள் இருக்கிற பேட்டைக்கு மாசி என்று பெயர். குளிர் என்னவோ மார்கழி.

சித்தி நர்ஸ். வாசலிலேயே என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்த்தார். குமரா என்று இங்கே ஒரு கிழங்கு. நம்ம சர்க்கரைவள்ளிக்கு அக்கா மகள் மாதிரி. அதில் புளிக்குழம்பு வைத்திருந்தார். மூன்று தட்டு இறக்கினேன். மீனு அதற்குள் தூங்கப் போயிருந்தாள். விடிவதற்கு முன்னாலேயே பயிற்சியாம். நானும் வந்து பார்க்கிறேன் என்றேன்.

"வேணாம்டா பாண்டி. அங்க ஒரே குளிரு. நீ தூங்கு. சாயங்காலம் வீட்லயே போட்டுப் பாத்துக்கலாம்" என்றார் சித்தி.

சொன்ன வேகம் சரியில்லை. யாராவது வேண்டாம் என்றால்தான் எனக்கு வேண்டும். அது பிறவிக் கோளாறு.

மறுநாள் புதன்கிழமை. சித்தப்பா காரைக் கிளப்பும்போது பின் சீட்டில் டிரஸ் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ம் என்றார். மீனு வந்து ஏறினாள். இருபது வயது, என் தோள்பட்டைக்குத்தான் வருகிறாள், கையில் இரண்டு டிபன் பாக்ஸ். தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். அண்ணா மட்டும் தமிழ்.

ஐஸ் கூடம் வெளியிலிருந்து பார்த்தால் அரிசி குடோன் மாதிரி இருக்கிறது. உள்ளே போனால் மூக்கு கழன்று விழுகிறது. வெள்ளையாக ஒரு மைதானம். மீனு அதில் இறங்கினாள். வீட்டுக்குள் காலை இழுத்து இழுத்து நடக்கிற பெண், அங்கே கத்தி மாதிரி போகிறாள். காலில் இருப்பதும் கத்திதான். ஃபிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி வாயில் வைத்தேன்.

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருத்தன் வந்தான். ஆறடி, செம்பட்டை முடி, வெள்ளைக்காரப் பையன். வேகமாக வந்து மீனுவின் இடுப்பைப் பிடித்து, தலைக்கு மேல் தூக்கி, ஒரு கையை விட்டுவிட்டு, மறு கையில் கரகம் மாதிரி அவளை ஏந்திக்கொண்டு ஒரு முழு வட்டம் போனான். வாயிலிருந்த டீ சித்தப்பாவின் சட்டைக்கு இடம் மாறியது.

"யாரு சித்தப்பா இது?"

"ஜோஷ்" என்றார். பெரிய வாக்கியம்.

அப்படியே போனை எடுத்து சித்தி அனுப்பிய போட்டோக்களைத் திறந்தேன். மூன்று போட்டோ, மூன்றிலும் மீனு தனியாக. முன்பக்கம் இடுப்பில் இரண்டு பூ. பக்கத்துக்கு ஒன்று. பின்னால் மூன்று. ஒரு போட்டோவில் அவள் அந்தரத்தில் இருக்கிறாள். குதிக்கிறாள் என்று நினைத்திருந்தேன். இவ்வளவு உயரம் எவள் குதிப்பாள் என்று யோசித்திருக்க வேண்டும். வெளிநாடு, குதிப்பார்களாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். இப்போது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு பூவின் ஓரத்தில் நகம் தெரிந்தது. கட்டை விரல் நகம்.

சித்தி பையனை ஓரத்தோடு வெட்டிவிட்டார். வெட்ட முடியாத இடத்தில் அவன் கை மேல் வாட்ஸப் பூவை ஒட்டிவிட்டார். ஊரில் பார்க்கிறவர்களுக்குப் பொண்ணு தனியாக ஆடுகிறாள். நான் அந்தப் பூவையெல்லாம் எம்பிராய்டரி என்று நினைத்து, எண்ணி, ஏழையும் கல் வைத்துத் தைத்து, கடல் தாண்டிக் கொண்டு வந்திருக்கிறேன். எங்கே அவன் பிடிக்கிறானோ சரியாக அங்கே.

சொல்வதற்குள் மீனு பையைப் பறித்துக்கொண்டு போய் டிரஸ்ஸைப் போட்டு வந்துவிட்டாள். அளவு என்னவோ அச்சு. அதில் நான் தப்பு செய்ய மாட்டேன். ஜோஷ் என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கினான். பிறகு இடுப்பைப் பிடித்தான். உடனே கையை எடுத்து உள்ளங்கையைப் பார்த்தான். கோடு கோடாகக் கல் கீறியிருந்தது. பரவாயில்லை என்று மறுபடி பிடித்துத் தூக்கினான். தோள் உயரம் வரை போனாள். பசை வைத்த கல் இறுகி வழவழவென்று இருக்கும், வியர்த்த கை அதில் நிற்காது. வழுக்கியது. அவன் சட்டென்று அவளுக்கு அடியில் போய் விழுந்தான், அவள் அவன் மேல் விழுந்தாள். ஐஸில் அந்தச் சத்தம் இருக்கிறதே, தேங்காய் உடைப்பது மாதிரி.

கோச் லிண்டா ஓரத்தில் நின்றிருந்தார். அழகான டிரஸ், சுவரில் மாட்டலாம், போட முடியாது என்றார். மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பரத டிரஸ்ஸில் இடுப்புக்குத்தான் வேலை அதிகம். ஒட்டியாணம் வரும் இடம், அங்கே எவ்வளவு வைத்தாலும் தகும். எட்டு வருஷமாகத் தைக்கிறேன், ஆடும்போது யாரும் தொடாத உடம்புக்கே தைத்திருக்கிறேன். இந்த உடம்பு ஆடுவதே இன்னொரு கையை நம்பி. இது எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்றுதான் பூ ஒட்டியிருக்கிறார்கள்.

கையால் பிடிக்கிற இடத்தில் ஏன் அண்ணா பூ வைத்தாய் என்று மீனு கேட்டாள். போனை நீட்டினேன். பார்த்தாள். முதலில் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஐஸிலேயே உட்கார்ந்து சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

"அஞ்சு வருஷம் அண்ணா" என்றாள், அபூர்வமாகத் தமிழில். மீதியை இங்கிலீஷில் சொன்னாள். இத்தனை வருஷமாக என்னைக் கீழே போடாமல் தூக்குகிறான். அம்மா இவனைப் பூவாக்கிவிட்டாரே என்றாள்.

மீனு அங்கிருந்து காலேஜுக்குப் போய்விட்டாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் சித்தப்பா பேசினார். மனுஷனுக்கு மீனுவின் சறுக்கலைப் பற்றி மட்டும் வாய் திறக்கும் போல. ஏழு வயதில் கூடப் படிக்கிற பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஐஸ் கூடத்துக்குப் போனாளாம். சின்னப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு பழக பிளாஸ்டிக் பென்குயின் ஒன்று தருவார்கள். கேக் வெட்டக் கூப்பிட்டபோது பென்குயினை விட்டு வரமாட்டேன் என்று அழுதிருக்கிறாள். அன்றிலிருந்து வாரத்தில் ஐந்து நாள் இருட்டோடு எழுந்து இவர் வண்டி ஓட்டுகிறார். தனியாக ஆடிக்கொண்டிருந்தவள், பதினாலு வயதில் ஒரு குதியில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் தனியாகக் குதிக்கப் பயம். ஆனால் உயரத்துக்குப் பயம் இல்லை. அப்படியென்றால் ஜோடியாக ஆடு, ஒருத்தன் தூக்கட்டும் என்றார் லிண்டா.

ஜோஷ் அதுவரை ஐஸ் ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தான். யாரை இடித்தாலும் நின்று ஸாரி கேட்பானாம். அதனால் டீமில் வைத்துக்கொள்ளவில்லை. புக்கெகோஹி என்கிற ஊரில் அவன் அப்பாவுக்குக் காய்கறித் தோட்டமும் பேக்கிங் ஷெட்டும் இருக்கிறது. முதல் வருஷம் பூரா மீனுவின் எடைக்குச் சரியாக உருளைக்கிழங்கு மூட்டை கட்டி, அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பழகியிருக்கிறான். அவன் மூக்கு லேசாக வலப்பக்கம் சாய்ந்திருக்கும். அது அவளைச் சுழற்றிப் போட்டுப் பிடிக்கும்போது மீனுவின் முழங்கை செய்த வேலை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே ஒரு சட்டம்தான். விழுந்தால் அவன் கீழே, அவள் மேலே.

"இந்த நாட்டுல இப்ப இவங்க ஒரே ஜோடிதான். முதல் பரிசும் இவங்களுக்கு, கடைசிப் பரிசும் இவங்களுக்கு" என்றார் சித்தப்பா.

அப்புறம் என்ன போட்டி என்றேன். எண்ணோடு போட்டி என்றார். வெளிநாட்டுப் பெரிய போட்டிக்குப் போக ஒரு குறைந்தபட்ச மதிப்பெண் வேண்டும். இரண்டு முறை கொஞ்சத்தில் போய்விட்டது. சனிக்கிழமை மூன்றாவது முறை. இதிலும் வரவில்லை என்றால் ஜோஷ் நிறுத்திக்கொண்டு அப்பாவின் ஷெட்டுக்கு முழுநேரமாகப் போகிறான், பேசி முடித்தாகிவிட்டது. அவன் போனால் மீனுவைத் தூக்க இந்த நாட்டில் வேறு ஆள் இல்லை. பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள், பையன்கள்தான் இல்லை. பதிமூன்று வருஷ வேலை அதோடு முடிந்தது.

மூன்று முறை பெயிலானவன் நான். அந்த மூன்றாவது முறை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பழைய டிரஸ்ஸைப் போட முடியாது, போன மாதம் விழுந்தபோது ஷூ கத்தி அதைப் பின்னால் மேலிருந்து கீழ்வரை கிழித்துவிட்டது. புதுசைத்தான் சரி செய்ய வேண்டும். கல்லைப் பிடுங்கினால் பசை நிற்கும். இடுப்பை மொத்தமாக வெட்டி எடுத்துவிட்டு வேறு துணி வைக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் சித்தியிடம் போனைக் காட்டினேன். பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"முதல் வருஷம் ஒரு போட்டோ அனுப்பினேன்டா. பாவாடை நீளத்துக்கே உங்க பெரியப்பா என்ன பேச்சு பேசினாருன்னு தெரியும்ல. இதுல ஒருத்தன் கையில பிள்ளையைத் தூக்கிட்டு நிக்கிறான்னா? நாளைக்கு அவளுக்கு ஒரு கல்யாணம் பேசணும்ல" என்றார்.

அந்த டிபன் பாக்ஸ் ஏன் இரண்டு என்று கேட்டேன். ஒன்று ஜோஷுக்காம். எலுமிச்சை சாதம் என்றால் உயிரை விடுவான், காலையில் ஒன்றும் தின்னாமல் அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறான் பாவம் என்றார். அஞ்சு வருஷமாக அவனுக்குச் சோறு கட்டிக் கொடுக்கிறார், அஞ்சு வருஷமாக அவன் மேல் பூ ஒட்டுகிறார். இதை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாரோ.

வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும் ஜோஷ் என்னை அவன் வண்டியில் புக்கெகோஹிக்குக் கூட்டிப்போனான். பின்பக்கம் திறந்த வண்டி, உள்ளே மண், மண்ணுக்கு நடுவில் ஒரு நாய், நாய்க்குப் பக்கத்தில் ஷூ. அவனுக்கு ஒரு வார்த்தை தமிழ் சொல்லிக் கொடுக்கச் சொன்னான். சித்தப்பாவைப் பார்த்தால் வணக்கம் தலைவரே என்று சொல்ல வேண்டும், அது ரொம்ப மரியாதை என்று சொல்லிக் கொடுத்தேன். வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். நடுவில் ஒரு கடையில் பை என்று ஒரு பலகாரம் வாங்கித் தந்தான். கறியும் சீஸும் வைத்த மூடின பணியாரம், உள்ளே எரிமலை. நாக்கில் தோல் உரிந்து, அடுத்த இரண்டு நாள் எனக்கு எல்லாச் சாப்பாடும் ஒரே ருசி.

மண் அங்கே செக்கச்செவேல் என்று இருக்கிறது. ஷெட்டில் கேரட் ஆறு மாதிரி ஓடுகிறது. ஜோஷின் அப்பா என்னோடு கை குலுக்கினார், மூன்று விரல் நசுங்கியது. பையன் சறுக்குவதைப் பார்ப்பீர்களா என்றேன். அரைகுறையாக எனக்குப் புரிந்தது இதுதான். அவர் போவதே இல்லை. அவன் அந்தப் பெண்ணைத் தூக்கும்போது தனக்கு மூச்சு நின்றுவிடுகிறது என்றார். அவரும் ஒரு வகையில் பூ ஒட்டுகிற ஆள்தான்.

அன்று சாயங்காலம் மாசியில் கார் ஷெட்டைக் காலி செய்தோம். ஜோஷ் உள்ளே வந்து சித்தப்பாவைப் பார்த்து, கைகூப்பி, வணக்கம் தலைவரே என்றான். சித்தப்பா என்னைப் பார்த்தார். ம் என்றார். ஆனால் காது சிவந்துவிட்டது.

எங்கள் வேலையில், கை எங்கே மடங்குகிறது, கால் எங்கே இழுக்கிறது என்று தெரியாவிட்டால் ஆடச் சொல்லிவிட்டு சாக்பீஸால் குறிப்போம். அதையே செய்தேன். தையல் சாக்பீஸைப் பொடித்து ஜோஷின் இரண்டு உள்ளங்கையிலும் நிறையப் பூசினேன். மீனு கறுப்புப் பயிற்சி உடுப்பில் நின்றாள். கீழே மெத்தை. நீ என்னென்ன பிடிப்பாயோ எல்லாம் பிடி என்றேன். தூக்கினான், இறக்கினான், சுழற்றினான். ஒவ்வொரு பிடிக்கும் துணியில் வெள்ளையாக ஒரு கை விழுந்தது. முன்னால், பக்கவாட்டில், முதுகில், மொத்தம் ஏழு. இன்ச் டேப்பைப் போட்டு அளந்து நோட்டில் எழுதினேன். என் ஏழு பூவில் ஏழும் ஏதாவதொரு கைக்குள் இருந்தது. ஒன்றாவது தப்பியிருந்தால் மானம் மிஞ்சியிருக்கும்.

அப்போது சித்தி டியூட்டி முடிந்து உள்ளே வந்தார். மகள் உடம்பு பூராவும் வெள்ளை வெள்ளையாக ஆம்பளைக் கை. ஜோஷ் கையைப் பின்னால் ஒளித்தான். மீனு ஒளியவில்லை, நேராக அம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் இன்ச் டேப்பைப் பார்த்தேன்.

சித்தி பையைக் கீழே வைத்தார். மீனுவை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"இன்னொண்ணு விட்டுட்ட" என்றார் என்னிடம். "சேந்து சுத்தும்போது இடது விலாவுல பிடிப்பான். அது இதுல இல்ல."

சித்தி ஜோஷிடம் இங்கிலீஷில் அந்தப் பிடியைக் காட்டச் சொன்னார். அவன் பயந்துகொண்டே பிடித்தான். விலாவில் எட்டாவது கை விழுந்தது. சித்தி அருகில் வந்து விரல் வைத்துப் பார்த்து, இதுதான் என்றார். எல்லாப் போட்டியையும் வந்து பார்த்திருக்கிறார். எந்தக் கை எந்த நொடியில் எங்கே இருக்கும் என்று அவருக்கு மனப்பாடம். பூ ஒட்டுவதற்குக் கையைத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா.

வெள்ளிக்கிழமை தைக்கிற நாள். மெஷின் த்ரீ கிங்ஸ் என்கிற இன்னொரு பேட்டையில் இருந்தது. இலங்கை மன்னார்க்காரர் ஜெனி அக்கா அங்கே துணி ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறார், சித்தியோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவரின் தங்கச்சி. எல்லோரும் வேலைக்குப் போய்விட, நான் பஸ்ஸில் கிளம்பினேன். டிரைவரிடம் நோட்டை நீட்டினேன். காசு வாங்க மாட்டார்களாம், கார்டுதான். நான் நோட்டையும் முகத்தையும் மாறி மாறிக் காட்ட, பாவப்பட்டு ஏறச் சொன்னார். இறங்குகிற ஒவ்வொருத்தரும் கடைசிப்படியில் நின்று டிரைவருக்கு நன்றி சொல்கிறார்கள். மதுரையில் ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்து உயிர் பிழைத்ததற்குச் சாமிக்குத்தான் சொல்வோம். நானும் சத்தமாக நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன். தப்பான இடத்தில். நன்றி சொல்லும் ஆசையில் முன்கூட்டியே இறங்கிவிட்டேன்.

மழை வேறு பிடித்துக்கொண்டது. டிரஸ்ஸை சட்டைக்குள் போட்டு, கர்ப்பஸ்திரீ மாதிரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். மூன்று ராஜாக்கள் என்று அர்த்தமாம் அந்த ஊருக்கு. ராஜா யாரையும் காணோம், சூப்பர்மார்க்கெட்தான் இருந்தது.

ஜெனி அக்காவுக்கு முப்பத்தஞ்சு இருக்கும். வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டே பேசுகிறவர். டிரஸ்ஸை விரித்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"தையல் திறம் தம்பி. ஆனா உந்தப் பூவுகளை ஆர் உம்மை இடுப்பில வைக்கச் சொன்னது?"

கதையைச் சொன்னேன். குண்டூசியைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"ஓம், எங்கட ஆக்களும் உப்பிடித்தான். என்ர கலியாண வீடியோவில நான் டான்ஸ் ஆடின துண்டை அம்மா வெட்டிப்போட்டா. அதுக்குப் பதிலா கேக்கை ரெண்டு தரம் காட்டினம்" என்றார்.

நீச்சல் உடுப்புக்கு வைக்கும் துணி அவரிடம் இருந்தது. மினுமினுப்பு இல்லாதது, இழுத்தால் வரும், கை வைத்தால் நிற்கும். நீலம் ஒத்துப்போகவில்லை, கறுப்பு ஒத்துப்போனது. ஏழு பூவையும் இடுப்போடு வெட்டி எடுத்தேன். வெட்டும்போது வலித்தது, ஒரு பூவுக்கு ஒரு முழுநாள் உட்கார்ந்திருக்கிறேன். நோட்டைப் பார்த்துப் பார்த்து, எட்டுக் கைக்கும் இடம் விட்டு மொட்டையாக ஒரு பட்டையை வைத்துத் தைத்தேன். தையல் பிரிந்தால் அங்கே ஆள் விழும் என்பதால் எல்லாத் தையலையும் இரண்டு முறை ஓட்டினேன். மூன்றாவது முறையும் ஓட்டப் போனேன். "காணும் தம்பி, உது டிரஸ். கப்பல் இல்லை" என்று ஜெனி அக்கா மெஷினை நிறுத்தினார். வெட்டின பூவையெல்லாம் கூலியாகக் கேட்டார். கொடுத்தேன். சர்ச்சுக்குப் போகும் அவர் மகளின் கைப்பையில் இப்போது அவை இருக்கலாம். அங்கே யாரும் பிடித்துத் தூக்கப் போவதில்லை.

சனிக்கிழமை மத்தியானம். கூடத்தில் பெஞ்சு நிறையக் கோட்டுப் போட்ட ஜனம். ஓரமாக ஜோஷின் அப்பா நின்றிருந்தார், வரமாட்டேன் என்றவர். கண்ணை மூடிக்கொள்ள வசதியாகத் தொப்பியை இறக்கி விட்டிருந்தார். சித்தி எனக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டார். நர்ஸ் பிடி, நாடி பார்க்கிற பிடி.

மீனு பேர் சொன்னார்கள், ஜோஷ் பேர் சொன்னார்கள். வேறு பேரே கிடையாது. பாட்டு ஆரம்பித்தது. முதலில் மேலே எறிந்து சுழலவிட்டுப் பிடித்தான், இரண்டு கையும் கறுப்புப் பட்டையில் வந்து உட்கார்ந்தது. அடுத்து தூர எறிந்தான். அவள் பறந்து போய் இறங்குகிற இடத்தில் கால் சறுக்கி விழுந்தாள். கூடமே ஐயோ என்றது, எல்லா நாட்டிலும் ஐயோ ஒரே மாதிரிதான் இருக்கிறது. எழுந்துவிட்டாள். சித்தப்பா, போச்சு என்றார். சித்தி, இல்ல, தூக்கல் இருக்கு என்றார்.

தூக்கல் கடைசியில் வந்தது. வேகமாக வந்து, இடுப்பில் கை வைத்து, மேலே. ஒரு கையை விட்டான். நான் ஜோஷைப் பார்க்கவில்லை, மீனுவையும் பார்க்கவில்லை. அந்தப் பட்டையில் இருந்த ஐந்து விரலை மட்டும் பார்த்தேன். விரல் நகரவில்லை. ஒரு வட்டம், ஒன்றரை வட்டம். மேலே அவள் கையை விரித்துக்கொண்டு, வீட்டு மொட்டைமாடியில் நிற்கிறவள் மாதிரி நிற்கிறாள். இறக்கினான். சித்தியின் நகம் என் கையில் நாலு இடத்தில் பதிந்திருந்தது.

மார்க் வரும்வரை இரண்டு பேரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். லிண்டா நடுவில். எண் வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை, சித்தப்பா முகத்தைப் பார்த்தேன். அவர் எழுந்து நின்று, வேண்டிய எண்ணுக்கு மேலே, புள்ளிக்கு அப்புறம்தான், ஆனாலும் மேலே என்று யாரோ முன்பின் தெரியாத வெள்ளைக்காரரிடம் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஜோஷின் அப்பா தொப்பியால் முகத்தைத் துடைத்தார்.

வெளியே வந்ததும் சித்தப்பா தன் போனைக் காட்டினார். தூக்கலை எடுத்திருந்தார். மேலே மீனு, கீழே ஜோஷ், நடுவில் ஒரு கை. சித்தி போனை வாங்கினார். விரல் பழக்கத்தில் பூ இருக்கிற மூலைக்குப் போனது. மீனு பார்த்தாள். விரல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் அப்படியே, வெட்டாமல், ஒட்டாமல், குடும்ப குரூப்பில் போட்டுவிட்டார். கீழே 'மீனாவும் ஜோஷும்' என்று எழுதினார்.

இரண்டு டிக் நீலமானது. மதுரையில் அப்போதுதான் இட்லி நேரம். பெரியப்பா எதையோ டைப் செய்கிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி டைப் செய்தார். மறுபடி நின்றது. நாங்கள் அஞ்சு பேரும் கார் நிறுத்தத்தில் குளிரில் ஒரு போனைச் சுற்றி நின்றோம்.

வந்தது என் அம்மாவின் குரல். சத்தமாக வைத்தோம்.

"ஏடி, பிள்ளை சாமி மாதிரி நிக்கிறாடி. அந்தத் தம்பி கை எவ்வளவு பதனமா பிடிச்சிருக்கு பாரு, நல்லா இருக்கட்டும். டேய் பாண்டி, நீ என்னடா தைச்ச? இடுப்பு மொட்டையா கிடக்கு. ரெண்டு பூ வச்சிருந்தா என்னடா, கையா ஒடிஞ்சு போகும்?"

சித்தி சிரிக்க ஆரம்பித்து, காரில் சாய்ந்து, சிரித்துக்கொண்டே அழுதார். ஜோஷுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன்னைத் திட்டுகிறார்களா என்று மீனுவிடம் கேட்டான்.

உன் மேல் ஒரு குறையும் இல்லை, டெய்லர் மேல்தான் என்று மொழிபெயர்த்தாள்.